சூரியகாந்தி நார்

"எங்கம்மாவுக்கு உள்ள இருக்கிற டம்ளர்ல தண்ணி குடுங்க மேடம்."

செல்வி கேட்டே விட்டாள். காலையில் கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறும்போதுகூட அவள் அம்மா அம்மணி காதோரம் அதைத்தான் ஓதிக்கொண்டு வந்தாள். எதை வேணும்னாலும் கேளு, டம்ளரைப் பத்தி மட்டும் வாயத் தொறக்காதே. இந்த வேலைக்கு வரச் சொன்ன நாளிலிருந்து அதே பாட்டு.

அம்மணி சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்த நிலையிலேயே நின்றாள். அவளுடைய வலது முட்டி இரண்டு நாளாக வீங்கியிருந்தது. தண்ணீர் குடிப்பதற்கு வீட்டைச் சுற்றிச் சந்து வழியாகக் கொல்லைப்பக்கம் போகத்தான் எழுந்தாள்; அவளுக்கான டம்ளர் அங்கேதான். அதே நேரத்தில் கூட வேலை செய்கிற வீரம்மாள் உள்ளே போய்ச் சில்லென்று ஒரு டம்ளர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாள். அதைப் பார்த்த பிறகு செல்வியால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

திண்டிவனத்தில் முதலாளி கவிதாவின் வீட்டு முன்னறைதான் பட்டறை. குழந்தைகளுக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் பின்னுகிற ஓர் இடத்திலிருந்து மிச்சம் மீதி உல்லன் நூல் மூட்டையாக வரும். அதில் பாத்திரம் தேய்க்கிற நார் பின்னுவார்கள். பேர்தான் நார். தர்பூசணித் துண்டு, ஸ்ட்ராபெரி, சட்டை போட்ட பூனை என்று ஒவ்வொன்றும் பொம்மை மாதிரி இருக்கும். பொம்மையார்பாளையத்துக் கடலோர விடுதிகளுக்கு வருகிறவர்கள் ஆசையாக வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்களில் ஒருத்தராவது அதை வைத்து ஒரு கரண்டி தேய்த்திருப்பார்களா என்பது செல்விக்குத் தீராத சந்தேகம். அம்மணியின் கைதான் அங்கே முதல் கை. சாண் சாணாகக் கிடக்கிற துண்டு நூலையும் முடிச்சு தெரியாமல் சேர்த்து இதழ் இதழாகப் பின்னிவிடுவாள். இந்த வேலை போனால் மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே குத்தவைத்துக் களை எடுக்கத்தான் போக வேண்டும். அந்த முட்டியை மடக்கிக்கொண்டு அவள் எங்கே களை எடுப்பது?

செல்வி என்கிற ஆரோக்கியசெல்வி விழுப்புரம் அரசுக் கல்லூரியில் பி.காம். முடித்தவள். அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். திங்கட்கிழமையிலிருந்து அவள்தான் பட்டறைக்கு சூப்பர்வைசர் என்று கவிதா சொல்லியிருந்தாள். இப்போதைக்கு அட்டையில் பெயர் எழுதுவதும் பொட்டலம் கட்டுவதும் அவள் வேலை. தனக்கென்று வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவாள். ஒன்றுக்குக் கொல்லைப்பக்கம் போகவேண்டி வரும் என்று அதையும் வாயை நனைக்கிற அளவுக்குத்தான் குடிப்பாள்.

கவிதா கையிலிருந்த பின்னல் பூனையைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. அவள் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"இதுல ஒண்ணுமே இல்லம்மா செல்வி. யார் யாரோ வந்துகினு போய்க்கினு இருக்கிற எடம். ஒரு சுத்தத்துக்காக வெச்சிருக்கிறதுதான்."

"இப்ப வீரம்மா அக்கா எதுல குடிச்சாங்க?"

"நான் இன்னா, வெளியாளா?" என்றாள் வீரம்மாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் இந்த வீட்டு சொந்தம். நீங்க காலனி. எனக்கும் உங்களுக்கும் ஒண்ணாயிடுமா?"

உள்ளதை இப்படிப் போட்டு உடைத்ததற்காகக் கவிதா அவளை முறைத்தாள். பிறகு செல்வியின் பக்கம் திரும்பினாள்.

"பேப்பர் கப்பு வாங்கி வெச்சிர்றேன். பிரச்சனையே இல்ல பாரு."

"வீரம்மா அக்காவுக்கும் பேப்பர் கப்பா?"

அம்மணி அவசரமாகக் குறுக்கே வந்தாள். "வெயில்ல வந்தது, ஏதோ பேசிக்கினு கீது. நீங்க மனசுல வெச்சுக்காதீங்கம்மா. ஏய், உக்காருடி."

அம்மணி கவிதாவைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள். ஆனாலும் அவள் 'அம்மா' என்பாள், கவிதா 'அம்மணி' என்பாள். அது இருபக்கமும் பழகிப்போனது.

"நீயே சொல்லு அம்மணி," என்றாள் கவிதா, குரல் லேசாகத் தழுதழுக்க. "நீ பின்னின சூரியகாந்தி நார என் வீட்ல வெச்சிருக்கேனா இல்லையா? மனசுல வேத்துமை இருந்தா வெப்பேனா?"

"வெச்சிருக்கீங்கம்மா."

"எங்க மேடம் வெச்சிருக்கீங்க? பார்க்கணும்."

"செல்வி, வேணாண்டி," என்றாள் அம்மணி. அந்தக் குரலில் இருந்த பயம் டம்ளரைப் பற்றியது இல்லை, வேறு எதையோ பற்றியது என்று செல்விக்குப் பட்டது. அதனாலேயே நடந்தாள்.

கூடத்தைத் தாண்டினாள். அதற்கு மேல் அவள் போனதில்லை. சமையலறை சிங்க்கில் கடையில் விற்கிற பச்சை நார் கிடந்தது. சூரியகாந்தியைக் காணோம். கொல்லைக் கதவு திறந்திருந்தது. வெளியே துணி துவைக்கிற கல், குழாய், அதற்கு மேலே ஜன்னல் திட்டு. திட்டின் மேல் ஓர் எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் ஆணியில் சூரியகாந்தி தொங்கியது. நடுவில் காப்பிப்பொடி நிறம், சுற்றிலும் இரண்டடுக்கு மஞ்சள் இதழ்கள். கடைக்குப் போகிற எதிலும் செல்வி இவ்வளவு நெருக்கமான பின்னலைப் பார்த்ததில்லை. தேய்ந்து தேய்ந்து இதழ் நுனியெல்லாம் மங்கிப்போயிருந்தது.

சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து அம்மணி வந்து சேர்ந்தாள். இப்போதுகூட அவள் வீட்டுக்குள் புகுந்து வரவில்லை.

"இந்த டம்ளர் கழுவத்தான் அத வெச்சிருக்காங்களா?"

"அவங்க வெக்கல." அம்மணி தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் அதுக்குன்னு பின்னிக் குடுத்தேன். ஆரம்பத்துல ஒருநாள் இந்த டம்ளர அவங்க நாருல தேய்ச்சிட்டேன். அந்த நார அப்பவே எடுத்துக் குப்பையில போட்டாங்க. ஒரு வார்த்த சொல்லல, சிரிச்சிக்கினேதான் போட்டாங்க. அப்புறம் நாமளே தனியா ஒண்ணு வெச்சிக்கலாம்னு..."

"அதுக்கு எதுக்கும்மா இவ்ளோ அழகா பின்னின?"

"தெனம் நான் பாக்கிறதாச்சே. பார்வையா இருக்கட்டும்னு பின்னினேன்."

செல்விக்கு அழுகை வரவில்லை. சூரியகாந்தியை ஆணியிலிருந்து பிடுங்கி, ஓர் இதழின் நுனி நூலைப் பற்களால் கடித்து இழுத்தாள். உல்லன் பின்னல் ஒரு நுனி கிடைத்தால் மொத்தமாக அவிழ்ந்துவிடும். இது அவிழவில்லை. அம்மா எந்த நுனியையும் வெளியே விடவில்லை. இன்னும் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு அதைத் துவைக்கிற கல்லில் போட்டாள்.

சமையலறைக்குள் திரும்பிப் போனாள். மேடையில் அடுக்கியிருந்த டம்ளர்களில் ஒன்றை எடுத்தாள். பில்டரில் தண்ணீர் பிடித்து நின்றபடியே வாய் வைத்துக் குடித்தாள். கவிதா கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீரம்மாள் அவளுக்குப் பின்னால் எட்டிப்பார்த்தாள். செல்வி இரண்டாவது டம்ளரும் குடித்தாள். மூன்றாவது பிடித்துக்கொண்டு கொல்லைக் கதவருகே வந்து நீட்டினாள்.

"இந்தாம்மா. குடி."

அம்மணி வாங்கினாள். குடிப்பாள் என்றுதான் செல்வி நினைத்தாள். அவள் தண்ணீரைக் குழாயடியில் கொட்டினாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, கல்லில் கிடந்த சூரியகாந்தியை எடுத்துச் சோப்பில் தொட்டு, டம்ளரின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். மகள் வாய் வைத்த இடத்தை.

"நல்லா கழுவிட்டேம்மா," என்றாள் வீட்டுக்குள் பார்த்து.

"கழுவிட்டியா?" கவிதாவின் குரல் பழையபடி இதமாக ஆகிவிட்டது. "அங்கயே வெச்சிரு அம்மணி. இனிமே உனக்கு ஒண்ணு, செல்விக்கு ஒண்ணு. அதுக்கென்ன இப்போ."

வீரம்மாள் சிரித்தாள். அம்மணி புது டம்ளரைத் திட்டின் மேல் பழைய டம்ளருக்குப் பக்கத்தில் கவிழ்த்தாள். சூரியகாந்தியைப் பிழிந்து ஆணியில் மாட்டினாள். செல்வி அந்த இரண்டு டம்ளர்களையும் பார்த்தாள். அதற்கு மேல் அவள் யோசிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

முன்னறைக்கு வந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பாதி எழுதின அட்டைகள் மேசையில் கிடந்தன. 'அன்போடு கையால் பின்னியது' என்று ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் இருந்தது. அதற்குள் அம்மணி சந்து வழியாகச் சுற்றி வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"வாம்மா, போலாம்."

"நீ போ. இதுல இன்னும் நாலு இதழ் கீது. முடிச்சிட்டு வர்றேன்."

"வேணாம்மா. வா."

அம்மணி நிமிரவில்லை. "ரெண்டு பேரும் வெளிய போயிட்டா அடுப்புல இன்னாத்த வெக்கிறது?" என்று நூலிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"தலைவலியா செல்வி?" என்றாள் கவிதா. "போய் ரெஸ்ட் எடு. திங்கக்கிழமை போட்டோ எடுக்க ஆள் வர்றாங்க. நீயும் அம்மாவும் நல்ல புடவையா கட்டிக்கினு ஜல்தியா வந்துருங்க, என்னா?"

செல்வி செருப்பைப் போட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை அவள் இங்கே இருக்கப்போவதில்லை. அதைச் சொல்லிவிட்டுப் போகிற மரியாதைகூட இந்த வீட்டுக்கு மிச்சமில்லை. உள்ளே அம்மாவின் ஊசி நூலை இழுத்து இழுத்து வாங்கிக்கொண்டிருந்தது. அவள் படியிறங்கி, கேட்டைத் திறந்து, பஸ் நிலையத்தைப் பார்க்க நடந்தாள்.