கம்பி வளைந்த பக்கம்

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தேகால் மணி. லிட்டில் அந்தமான் தீவின் கிழக்குக் கரையில் கட்டை ஜெட்டி என்று அழைக்கப்படும் சிறு துறைமுக ஏரியில், வலை ஓரம் தண்ணீர் மார்பளவு இருந்தது.

ஒரு காலத்தில் காட்டிலிருந்து வந்த மரங்களை இந்த ஏரியில்தான் மிதக்கவிட்டுக் கப்பலேற்றினார்கள். வெட்டுவது நின்றதும் கப்பல் நின்றது. பத்து வருடம் ஜெட்டியில் நாய்கள் படுத்துக் கிடந்தன. பிறகு பக்தவத்சலத்தின் கம்பெனி வந்தது. ஏரியின் ஒரு மூலையில் தூண் நட்டு, கம்பி வலை அடைத்து, மணல் கொட்டிக் குளிக்கும் இடம் ஆக்கியது. ஏரிக்குக் கடலோடு வாய் உண்டு. அந்த வாய் வழியாக மகர் வரும். முதலையை இங்கே எல்லா மொழிக்காரர்களும் மகர் என்றுதான் சொல்வார்கள்.

முருகானந்தமும் கௌதமும் தினமும் விடியும்போது இறங்கி வலையைக் கையால் தடவிச் சோதிப்பார்கள். கலங்கல் நீரில் கண்ணால் எதையும் பார்க்க முடியாது. கம்பியில் ஒட்டிய சிப்பி விரலைக் கிழிக்கும், உப்பு எரியும். இடுப்பில் குறடு, தோளில் கட்டுக்கம்பிச் சுருள். டிசம்பர் வரை மேலே பரண் பலகையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை நிறுத்திவிட்டார்கள். சும்மா நிற்கிறவனுக்கு என்ன வேலை என்றார் பக்தவத்சலம்.

இருவரும் வலைக்கு உள்பக்கமாகவே நடப்பார்கள். வெளிப்பக்கம் மகரின் பக்கம்.

பதினான்காம் தூணில் முருகானந்தத்தின் கை நின்றது. நேற்றுத் தைத்த இடத்துக்குப் பக்கத்தில் வலை வெளிப்பக்கமாக வயிறு போலப் புடைத்திருந்தது. தூணும் ஏரிப்பக்கம் சாய்ந்திருந்தது.

"கௌதம், நேத்து இந்த ஓட்டையக் கட்டினது நீதானே?"

"ஆமாண்ணே."

"கிழிஞ்ச கம்பி எந்தப் பக்கம் வளைஞ்சிருந்துச்சு?"

கௌதம் அடுத்த தூணை நோக்கி நகர்ந்தான்.

"டேய், ஒன்னயத்தான் கேக்குறேன்."

"உள்பக்கம்ண்ணே."

முருகானந்தம் வலையிலிருந்து கையை எடுத்தான்.

"மகர் உள்ள வந்த ஓட்டைடா. அது வெளிய போறதுக்குள்ள நாம கட்டிட்டோம்."

கௌதம் சட்டென்று கரைப்பக்கம் திரும்பினான்.

"கரைக்கு நட. ஓடாத. தண்ணிய அடிக்காத. என் பக்கத்துலயே வா."

கரை முப்பது அடி தூரம். இருவரும் தோளோடு தோள் ஒட்டி, காலைச் சேற்றிலிருந்து மெல்ல மெல்ல எடுத்து வைத்தார்கள். நடுவழியில் அவர்களுக்கு இடதுபுறம், காற்றே இல்லாத நீரில், ஒரு நெளிவு வந்து அடங்கியது. அது மீனாகவும் இருக்கலாம். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மணலில் ஏறியதும் கௌதம் உட்கார்ந்துவிட்டான்.

"தெரிஞ்சுதுண்ணே. உள்பக்கம் வளைஞ்சிருந்தது கையில பட்டுச்சு. சார் பச்சைக்கொடிக் கயித்தப் பிடிச்சிக்கிட்டு ஜல்தி ஜல்தின்னாரு. கட்டிட்டேன். வலை பத்திரம்னு கையெழுத்தும் போட்டுட்டேன். நேத்து அறுபது பேருக்கு மேல குளிச்சாங்கண்ணே. ஒரு பாப்பா ரப்பர் டியூப்ல..."

"போதும். எந்திரி."

உடை மாற்றும் அறைகளையும் கரை மணலையும் பெருக்கும் ஒச்சம்மா துடைப்பத்தோடு வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டாள். ஒன்றும் பேசாமல் மணலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை குனிந்து பார்த்துக்கொண்டே நடந்து போனாள்.

ஆறரைக்குப் பக்தவத்சலம் ஜீப்பில் வந்தார். சென்னையிலிருந்து முப்பது வருடம் முன்பு ஒப்பந்த வேலைக்கு வந்து, போர்ட் பிளேரில் வீடு கட்டியவர். எட்டரை மணிக்குச் சுற்றுலாக் கப்பல். வலை பத்திரம் என்று வலைக்காரர்கள் கையெழுத்துப் போட்டால்தான், குளிக்கலாம் என்று பச்சைக்கொடி ஏறும். அது கம்பெனியே வைத்த விதி.

"சைன் ஆச்சா?"

"ஆகல சார். மகர் உள்ள இருக்கு," என்றான் முருகானந்தம்.

"பாத்தியா?"

"வலை பாத்திருக்கு. உள்ளேருந்து முட்டித் தள்ளியிருக்கு."

"ஏதாவது பழைய மரக்கட்டை மோதியிருக்கும்."

"கட்டை வெளியேருந்துல்ல சார் மோதும்? எங்கப்பா இந்த ஏரியில கட்டை தள்ளினவரு."

பக்தவத்சலம் குரலைத் தாழ்த்தினார். "முருகா, நான் சொல்றத யோசி. மகர்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா சீசன் முடிஞ்சுது. மரம் நின்னப்போ இந்த ஊரு என்ன தின்னுச்சு? ஒங்கப்பா சிலோன்லேருந்து வந்து, பாமாயில் தோட்டமும் மூடினப்புறம் எங்க போனாரு? இன்னைக்கு இருபத்திரண்டு பேரு என்கிட்ட சாப்பிடுறீங்க."

"உண்மைதான் சார். அதுக்காக எவன் வீட்டுப் புள்ளையோ தண்ணிக்குள்ள எறங்கணுமா?"

"அப்படியே வந்திருந்தாலும் ராத்திரி கரையேறிப் போயிருக்கும்யா."

ஒச்சம்மா அப்போதுதான் மறு கோடியிலிருந்து திரும்பி வந்தாள்.

"தடம் இல்ல சார். நேத்து சாயந்திரம் இழுத்துவிட்ட மணலு. கோழி நடந்தாலும் எனக்குத் தெரியும். இத்தாம்பெரிய சீவன் வயித்தை இழுத்துக்கிட்டுப் போனா தெரியாதா?"

"நீ போய் டாய்லெட்டப் பாரும்மா."

"அது பளபளன்னு இருக்கு சார். நீங்க தண்ணியப் பாருங்க."

பக்தவத்சலம் கௌதமிடம் திரும்பினார். "நேத்து போட்டவன் நீதானே? இன்னைக்கும் போடு. இல்லன்னா நேத்து பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு நான் எழுதிக் குடுக்க வேண்டியிருக்கும்."

கௌதமின் கண் அவர் நீட்டிய பேனாவைப் பார்த்தது, முருகானந்தத்தைப் பார்த்தது.

"எழுதிக் குடுங்க சார். நேத்து போட்டது பொய்தான். ஜெயில்னா ஜெயில். இன்னொண்ணு போட மாட்டேன்."

முருகானந்தம் ஓர் அடி முன்னே வந்தான். "ஒண்ணு செய்வோம் சார். கட்டைதான்னு ஒங்களுக்கு நம்பிக்கை இருக்குல்ல? நீங்க எறங்குங்க. கழுத்து வரைக்கும் வேணாம். முட்டி வரைக்கும் போதும். எறங்கிட்டு வாங்க, நான் போடுறேன்."

பக்தவத்சலம் தண்ணீரைப் பார்த்தார். ஈர மணல் வரை போனார். சிறிய அலை ஒன்று வந்து அவர் காலணி நுனியைத் தொட்டதும் பின்வாங்கினார்.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் கேட்கவில்லை. கொடிக்கம்பத்துக்கு நேராகப் போய்க் கயிற்றை அவரே இழுத்தார். பச்சை மேலே ஏறியது. யாரும் தடுக்கவில்லை.

"பாத்தீங்களா? ஒங்க கையெழுத்து இல்லாமலே ஏறுது. ரெண்டு பேரும் கெளம்புங்க. நாளைக்கு ஹட் பே டவுன்லேருந்து ஆள் வரும்."

ஜெட்டிப் படியில் தன் படகைக் கட்டிக்கொண்டிருந்த விஜயன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். கப்பலில் வருகிறவர்களைக் குளிக்கும் இடத்துக்கு ஏற்றி வருவது அவனும் இன்னும் மூன்று படகுக்காரர்களும்தான்.

"கொடி நீங்க ஏத்தலாம் சார்," என்று அங்கிருந்தே கத்தினான். "ஆளை ஏத்துறது நாங்கல்ல?"

"நீயுமா? ஒன் படகு லைசென்ஸுக்கு யாரு பேசினாங்கன்னு மறந்துபோச்சா?"

"மறக்கல சார். அதுல நம்பிக்கையோட ஏறி உக்கார்றவங்களையும் மறக்க முடியல. முட்டி வரைக்கும்கூட நீங்க எறங்கலயே."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு நீளவில்லை. எல்லோருடைய கண்ணும் தண்ணீரில் இருந்தது.

ஒச்சம்மா உடை மாற்றும் அறைகளை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கௌதமுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சமையல்கூடத்திலிருந்து இரண்டு பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். மிதவைச் சட்டை கொடுக்கிறவர்கள் அறையைத் திறக்காமல் வந்தார்கள். அடுப்பு எரிகிறது என்று ஒருத்தி திரும்பி ஓடி, அணைத்துவிட்டு மறுபடி வந்தாள். பக்தவத்சலம் ஜீப்பில் உட்கார்ந்து யார் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார்.

விஜயன் வனத்துறைக்குப் போன் செய்தான். முருகானந்தம் ஜெட்டிப் படியில் வைத்து ஒரு தாளில் கம்பெனிக்கு எழுதினான். வனத்துறை சொல்லும்வரை யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது. பரண் பலகையில் நின்று பார்க்க இரண்டு பேரைத் திரும்ப எடுக்க வேண்டும். கையெழுத்துப் போட மறுத்தவர்களை வேலையிலிருந்து எடுக்கக்கூடாது. முதலில் கௌதம் கையெழுத்துப் போட்டான். பத்தொன்பது பேர் போட்டார்கள். மூன்று பேர் பயந்து போடவில்லை. அவர்களை யாரும் திட்டவில்லை.

எட்டரைக்குக் கப்பல் வந்தது. படகு எதுவும் போகவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கப்பல் திரும்பியது. பதினொன்றேகாலுக்கு வனத்துறை ஆட்கள் வந்து, பச்சையை இறக்கச் சொல்லிவிட்டு, இரைக்கோழி கட்டிய பொறிக்கூண்டு ஒன்றை ஆழத்தில் வைத்தார்கள். மகர் மாட்ட ஒருநாள் ஆகலாம், ஒருவாரமும் ஆகலாம் என்றார்கள். முருகானந்தமும் கௌதமும் வேலை நீக்கம் என்ற தாள் மாலை நான்கு மணிக்கு அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டது.

திங்கட்கிழமை விடிந்தபோது ஹட் பேயிலிருந்து ஜீப்பில் புதிய ஆட்கள் நான்கு பேர் வந்து இறங்கினார்கள். கம்பெனி வாசலில் வேலைக்குப் போகாமல் இருபத்தொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்; நேற்றுக் கையெழுத்துப் போடாத மூவரில் இருவரும் அதில் இருந்தார்கள். முருகானந்தம் எழுந்து போய், பதினான்காம் தூண் பற்றி அவர்களிடம் சொன்னான். நால்வரும் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு வாசலிலேயே ஓரமாக உட்கார்ந்தார்கள்.

கூண்டு காலியாக இருந்தது. தண்ணீரில் யாரும் இறங்கவில்லை.