கதிரையில் தொழுத மாப்பிள்ளை

வெள்ளிக்கிழமை ஜும்மாவை ஹஸ்மி கதிரையில் உட்கார்ந்து தொழுதான். மதுரங்குளிப் பள்ளியில் ஓரமாகப் போட்டிருக்கும் அந்தப் பிளாஸ்டிக் கதிரைகள் முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் கண் ஒப்பரேஷன் செய்தவர்களுக்கும் உரியவை. இளந்தாரி ஒருவன் வந்து உட்கார்ந்ததைப் பக்கத்துக் கதிரைப் பெரியவர், தன் பதவிக்கு ஆள் வந்துவிட்டதுபோலப் பார்த்தார்.

காரணம் சைக்கிள். பந்தயக்காரர்கள் ஓடுவதைப் போனில் பார்த்துவிட்டு, ஹஸ்மி ஹேண்டிலை அடிவரை இறக்கியிருந்தான். காற்றைக் கிழிக்குமாம். முதலில் இடுப்புதான் கிழிந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை.

"உயத்தி வையன்டா" என்று கூட்டாளி ஆகிப் தினமும் சொன்னான்.

"உயத்தினா மௌத்தாப் போன கிழவன்மார்ட சைக்கிள் மாதிரி இரிக்கும் மச்சான்."

அன்றைக்கென்று பார்த்து, கற்பிட்டியிலிருந்து செய்னுலாப்தீன் ஹாஜியார் வந்திருந்தார். மகள் ஸஃப்னாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை தொழுகிற பிள்ளையா என்று சொல்லாமல் வந்து பார்ப்பது அவருடைய ஏற்பாடு. தொழுகிற பிள்ளைதான். கதிரையில். ஸஃப்னாவைத் தவிர வேறு யாரையும் கட்டுவதில்லை என்று வீட்டில் மூன்று வேளையும் சோற்றோடு சேர்த்துச் சொல்லிவந்த பிள்ளை.

வாசலில் ஹாஜியார் மறித்தார். "மகனுக்கு முள்ளந்தண்டுல வருத்தம், நோய் ஏதுமோ?"

"இல்ல மாம..." என்று தொடங்கிய ஹஸ்மி, அந்த உறவு இன்னும் கைக்கு வரவில்லை என்பதை உணர்ந்து, "இல்ல ஹாஜியார், சைக்கிளால வந்தது" என்றான்.

"உழுந்ததோ?"

"உழல்ல. ஸ்டைல்" என்றான் பக்கத்தில் நின்ற ஆகிப்.

"வருத்தத்த மறைக்கிற எல்லாரும் இப்படி ஒண்டு சொல்லத்தான் செய்வாங்க" என்றார் ஹாஜியார்.

சைக்கிள்தான் காரணம் என்று காட்ட, ஹஸ்மி எதிர்க்கடையில் ஸ்பேனர் வாங்கிவந்து ஹேண்டில் நட்டைத் தளர்த்தினான். கல்லால் மேலே தட்டினான். ஹேண்டில் அசையவில்லை. பிடித்து இழுத்ததில் இடுப்பு பிடித்துக்கொள்ள, "யா அல்லாஹ்" என்று மாமனார் ஆகவேண்டியவரின் முன்னாலேயே முனகினான். ஹாஜியார் தாடியைத் தடவினார். ஆகிப் முன்சில்லை, சக்கரம் திரும்பாதபடி, முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து ஹேண்டிலைத் திருக, ஒருவழியாக ஹேண்டில் மேலே வந்தது. சில்லுக்கு நேராக வைத்து நட்டை இறுக்கினார்கள்.

ஹஸ்மி ஏறி ரோட்டில் ஒரு சுற்றுப் போனான். முழங்கை லேசாக மடிந்திருந்தது, முதுகு நிமிர்ந்திருந்தது. உப்புக்காற்று நெஞ்சில் நேராக அடித்தது. சுகமாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"வலி கொறஞ்சோ?"

"கொறஞ்ச மாதிரி இரிக்கி ஹாஜியார்."

"நல்லம். அசருக்கும் நான் இங்கதான். பக்கத்துல வந்து நில்லுங்க."

பின்னேரத் தொழுகையான அசருக்கு முன்வரிசையில் ஹாஜியாரின் தோளை ஒட்டி ஹஸ்மி நின்றான். ஆகிப் பின்வரிசையில் நின்றுகொண்டு, தனக்குக் கேட்க எத்தனையோ தேவைகள் இருக்க, கூட்டாளியின் இடுப்புக்காகத் துஆ கேட்டான். வரிசை முழுவதும் நெற்றி தரையில் பட சுஜூதுக்குப் போனது. ஹஸ்மியும் போனான். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

எழுவதற்கு இமாம் தக்பீர் சொன்னார். வரிசை எழுந்தது. நெற்றி கம்பளத்திலேயே இருக்க, ஹஸ்மியின் உள்ளங்கைகள் தரையை அழுத்தத் தொடங்கின. தொழுகையில் தலையைத் திருப்பாத ஹாஜியாரின் தோள், அவன் பக்கமாக ஒரு விரற்கடை சரிந்து காத்திருந்தது.