சம்பந்தி தின்ற மீன்

சம்பந்தம் பேச வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார்கள். மாதாகோயில் சட்டப்படி அன்று கறி ஆகாது, மீன் ஆகும். அதற்காக வெறும் காய்கறி போட்டு அனுப்பினால் நல்லம்பள்ளியில் யாகப்பன் தலைநிமிர்ந்து நடப்பதெப்படி? ஒகேனக்கல்லுக்கு ஆள் அனுப்பி மீன் வரவழைத்தார். மகள் ராஜமேரியே குழம்பு வைத்தாள்.

பொம்மிடியிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனார் சவுரியப்பனும் அவர் மனைவி மிக்கேலம்மாளும் வந்தார்கள். பெண்ணைப் பிடித்துப்போயிற்று. பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று பொருள். ஆண்களுக்கு முதலில் இலை போட்டார்கள். சவுரியப்பன் மீனைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மிச்சம் வைக்காமல் தின்றார்.

கை கழுவும்போதே உடம்பெல்லாம் தடித்தது. உதடு வீங்கியது. "நெஞ்சை அடைக்குதுங்க" என்று மார்பைப் பிடித்தபடி சாய்ந்தார்.

புளி ஏற்றிவந்த லாரியை மறித்து, தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லாரி கிளம்பும்போது, "சோத்துல என்னத்தக் கலந்தாங்களோ!" என்று பக்கத்து வீட்டுக் காசியம்மாள் சொன்னது மூட்டை மேல் கிடந்த சவுரியப்பன் காதிலும் யாகப்பன் காதிலும் விழுந்தது. யாகப்பனுடையது யாரும் ஒரு குறை சொல்லாத குடும்பம். சம்பந்திக்கு ஏதாவது ஆகிவிட்டால் ராஜமேரியை இனி எவன் கட்டுவான்?

டாக்டர் ஊசி போட்டுவிட்டு வெளியே வந்தார்.

"விஷமெல்லாம் இல்லை. மீன் இவருக்கு ஒத்துக்கலை. அலர்ஜி ரொம்பக் கடுமையா வந்தா நெஞ்சுக்குப் போற ரத்தக்குழாயையே இறுக்கிடும். இப்ப நாடி தேறிடுச்சு. இனிமே மீன் வாசனைகூட வேண்டாம்."

உள்ளே மிக்கேலம்மாள் பொரிந்துகொண்டிருந்தாள்.

"மீனு ஆவாதுன்னு சின்ன வயசுலயே தெரியுமில்ல? எதுக்குத் தின்னீங்க?"

"தெரியும். தடிப்பு வந்து அடங்கிடும்னு நெனச்சேன். எலையில வெச்சத ஒதுக்குனா பொண்ணையே ஒதுக்குனாப்புல ஆயிடாதா? அப்பறம் அந்த மனுசன் மூஞ்சிய எப்பிடிப் பாக்கறது?"

"ஆமா, புளி மூட்டை மேல படுத்துக்கிட்டு நல்லாத்தான் பாத்தீங்க!"

யாகப்பன் கட்டிலருகே போனார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க" என்றார்.

"மருமவ மொத மொதல்ல வெச்ச கொழம்புங்க. வேண்டாம்னு எந்த வாயால சொல்றது?"

மருமகள் என்றே சொல்லிவிட்டார். யாகப்பன் துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் சவுரியப்பன் பொம்மிடிக்குப் போகவில்லை. நேராக யாகப்பன் வீட்டுக்கு வந்து, கதவை அகலத் திறந்து வைக்கச் சொல்லி, தெருவே பார்க்க இலையின் முன் உட்கார்ந்தார்.

"ரசம் இன்னுங் கொஞ்சம் ஊத்தும்மா" என்று ராஜமேரியிடம் உரக்கக் கேட்டார்.