சாய்ந்த தூணுக்கு வைத்த முட்டு

அந்தத் தீவில் ஒரு கல்லைப் புரட்டுவதானாலும் அதன் பூர்வகுடிகளான ஹைடா மக்களும் அரசின் பூங்காத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். அம்மை வந்து ஆளற்றுப் போன பழைய ஊரில், கடலைப் பார்த்தபடி, முன்னோர் குலச்சின்னம் செதுக்கி நட்ட ஒரு தேவதாருத் தூண் சாய்ந்துகொண்டிருந்தது. முட்டுக் கொடுக்கலாம் என்றது துறை. விழட்டும், மண்ணோடு போவதுதான் அதற்கு மரியாதை என்றார்கள் ஹைடாக்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போனது.

அந்த ஊருக்குக் காவலிருந்த ஹைடா பெண் வெர்னா கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. தூணில் செதுக்கியிருந்த கரடி அவள் தாய்வழிக் குலத்தின் சின்னம். அது விழுவதைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு காலையில் அவளும் துறையின் ஆள் கேரத்தும் யாருக்கும் சொல்லாமல் படகில் கட்டைகளைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார்கள்.

"உங்காளுங்களுக்குத் தெரிஞ்சா உன்னைக் கடல்ல தள்ளிடுவாங்க," என்றான் கேரத்.

"உன் ஆபீசர் மட்டும் கைதட்டுவானாக்கும்! பேசாம அடி."

வேலை முடிந்து காவல் குடிலில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. அதற்குள்ளிருந்து துடுப்புச் சத்தம். ஓடம் கூழாங்கல்லில் உரசியது. பெண்களின் சிரிப்பு. ஒரு கைக்குழந்தையின் இருமல்.

வெர்னா வயர்லெஸில் விசாரித்தாள். அந்தப் பக்கம் படகே இல்லை என்று பதில் வந்தது.

"உனக்கும் கேக்குதா?" கேரத் கோப்பையைக் கீழே வைத்தான்.

"சும்மா இரு."

குரல்கள் குடிலைக் கடந்து தூண் இருந்த பக்கம் போயின. ஹைடா மொழிதான். அவள் அரைகுறையாகக் கற்றது. ஒரே ஒரு சொல் புரிந்தது: மெதுவாக.

பனி விலகியபோது முட்டுக் கட்டைகள் அவர்கள் படகருகே ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றில் துளி ஈரமில்லை. தூண் இன்னும் கொஞ்சம் சாய்ந்து நின்றது.

"யாரோ நம்மகிட்ட விளையாடுறாங்க," என்றான் கேரத். குரலில் உயிரில்லை.

"கட்டைய ஏத்து. திரும்பிப் பாக்காத."

அடுத்த கூட்டத்தில் வெர்னா எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள், இருமலைத் தவிர. கேரத்தும் எழுந்து அவள் பக்கத்தில் நின்றான். யாரும் திட்டவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. ஹைடா தரப்பில் ஒருவர் மட்டும் மெல்லக் கேட்டார்:

"குழந்தைக்கு இருமல் நின்னுச்சாம்மா?"

தூணைத் தொடுவதில்லை என்று இரு தரப்பும் அன்றே ஒப்புக்கொண்டன.

குளிர்காலத்தில் அது விழுந்தது. வசந்தத்தில் வெர்னா போனபோது கரடி வானம் பார்த்துக் கிடந்தது. சுற்றிலும் புல் மிதிபட்டிருந்தது, பெருங்கூட்டம் நின்றுவிட்டுப் போனதுபோல. அவள் கிட்டே போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே தன் பெயரையும் குலத்தையும் உரக்கச் சொன்னாள். காற்று சட்டென்று நின்றது. கிட்டே வா என்ற அழைப்புக்காக அவள் காத்திருந்தாள்.