பதினாலு அடி வாசல்

வெர்லா அதைச் சொன்னது ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, தட்டில் உருளைக்கிழங்கை எடுத்து வைத்துக்கொண்டே. இந்தக் குளிர்காலத்துக்கு தெற்கே, வெயில் ஊரான அரிசோனாவில் இருக்கும் தன் அக்கா மேரன் வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். பனி விழுவதற்குள் கிளம்பிவிடுவேன், வசந்தம் வந்தாலும் திரும்பி வருவேனா தெரியாது என்று அதையும் சேர்த்தே சொல்லிவிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த அவள் கணவன் ஓரின் கொஞ்சம் வெண்ணெயை எடுத்து உருளைக்கிழங்கின் மேல் வைத்தான். "ம்," என்றான். அவ்வளவுதான்.

அவனை மட்டும் குற்றம் சொல்லியும் பயனில்லை. அமெரிக்காவின் வடக்கே, விஸ்கான்ஸினில் அந்தப் பக்கத்து ஆட்களே அப்படித்தான். விருந்துக்கு வந்தவன் கிளம்பும்போது முழங்காலைத் தட்டி "சரி, அப்புறம்" என்பான். பிறகு வாசலில் ஒரு மணி நேரம் நின்று மழையைப் பற்றிப் பேசுவான். சொல்ல வந்த விஷயத்தை மட்டும் சொல்லாமல் வண்டியேறிவிடுவான். அப்படிப்பட்ட ஊரிலேயே கல்லுளிமங்கன் என்று பேர் வாங்கியவன் ஓரின். அவனிடமிருந்து ஒரு வார்த்தையை வாங்குவதற்குள் ஒரு மாட்டைக் கறந்து முடித்துவிடலாம்.

மாடு இருந்தவரைக்கும் அது அவளுக்கு உறைக்கவில்லை. இருபத்தொன்பது வருஷம், காலையும் மாலையும் கறவை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இருவரும் சேர்ந்து ஒரு நாள்கூட வெளியூரில் தங்கியது கிடையாது. மாடு மடி கனத்து நின்றுகொண்டிருக்கும்போது எங்கே போவது? இரண்டு வருஷத்துக்கு முன் மந்தையை விற்றார்கள். கறவை யந்திரத்தின் சத்தம் நின்றது. அப்போதுதான், இத்தனை நாளாக யாரும் அவளோடு பேசிக்கொண்டிருக்கவில்லை என்பதே அவளுக்குத் தெரிந்தது.

அந்த "ம்"முக்கு அடுத்த வாரமே, பழைய தொழுவத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஓரின் முளைக்குச்சி அடித்து நூல் கட்டினான். தூண் கொட்டகை போடப்போகிறானாம். அதற்கு அஸ்திவாரம் கிடையாது. உறைபனி எட்டாதபடி நாலடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தூணை இறக்க வேண்டும். மேலே கூரையைப் போட வேண்டும். சுவருக்குத் தகடு அடிப்பதெல்லாம் கடைசியில்தான். மனசு வைத்தால் எவனும் தன் நிலத்தில் தானே கட்டிக்கொள்ளலாம். கூடமாட நிற்க ஒரே ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

எதற்குக் கொட்டகை என்று வெர்லா கேட்டாள். சாமான் வைக்க என்றான். இருக்கிற இரண்டு டிராக்டருக்கும் ஏற்கெனவே இடம் இருந்தது. அப்படியானால் இதுதான் அவன் பதில் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நீ எங்கே வேண்டுமானாலும் போ, நான் இந்த மண்ணில்தான் நிற்பேன் என்கிறான். அதைக்கூட வாயால் சொல்லாமல் நாலடி ஆழத்தில் நட்டுக் காட்டுகிறான். ஆனாலும் வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கூரை ஏறும்வரை கூட நிற்கிறேன், அதற்கப்புறம் போய்விடுவேன் என்றாள். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமைக்கு விமான டிக்கெட்டும் வாங்கி வைத்தாள், போவதற்கு மட்டும்.

குழி தோண்டும் துளைக்கருவியை டிராக்டரில் மாட்டிக்கொண்டு பக்கத்துப் பண்ணை டெல்பர்ட் வந்தான். ஓரினின் சட்டைப் பையில் நாலாக மடித்த நாட்காட்டித் தாள் ஒன்று எப்போதும் இருக்கும். அதன் பின்புறம்தான் கொட்டகையின் வரைபடம். நாற்பத்தெட்டு அடி நீளம், முப்பது அடி அகலம், பதினெட்டுத் தூண். டெல்பர்ட் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தொப்பியைப் பின்னால் தள்ளினான்.

"வாசல் பதினாலு அடி உயரமா? ஏம்ப்பா, ஒட்டகச்சிவிங்கி ஏதும் வாங்கப்போறியா?"

"இருக்கட்டும்," என்றான் ஓரின்.

"வெர்லா, இவன்கூட எப்படித்தான் காலம் தள்றியோ."

அவள் டெல்பர்ட்டுக்குக் காப்பியும் ஆப்பிள் கேக்கும் கொடுத்து அனுப்பினாள். அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது அழுதாள். அந்தக் கோடையில் அவள் பெரும்பாலும் அங்கே நின்றுதான் அழுதாள்; தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

ஆனால் ஒன்றை அவள் தனக்குள்ளேயேகூட ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கொட்டகை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. செப்டம்பரில் எல்லாத் தூணும் நின்றுவிட்டன. கூரை இல்லை, சுவர் இல்லை, ஆனாலும் உள்ளே வெளியே என்று ஒன்று வந்துவிட்டிருந்தது. சாயங்காலம் அவள் தனியாக அங்கே போவாள். இரண்டு தூணுக்கு நடுவே காலை எடுத்து வைத்ததும் காற்றின் சத்தம் மாறுவது போலிருக்கும். அண்ணாந்து பார்த்தால் வானம் சதுரமாகத் தெரியும். தெற்கே போகிற நாரைகள் அந்தச் சதுரத்துக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். அவை போன பிறகும் அந்தக் கரகரத்த கூப்பிடு குரல் கொஞ்ச நேரம் அங்கேயே தங்கியிருக்கும். ஒவ்வொரு தூணிலும் கை வைத்துக்கொண்டே நடப்பாள். மரம் இன்னும் ஈரமாக, உயிருள்ளது போல இருக்கும். சில நாள் அந்த வெற்றிடத்தில் பழைய மாடுகளெல்லாம் படுத்து அசைபோடுவதாக நினைத்துக்கொள்வாள். சில நாள் அவளும் ஓரினும் அங்கே ஒரு மேஜை போட்டு எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள், அவன் பேசிக்கொண்டே இருப்பான். என்ன பேசுகிறான் என்பது மட்டும் கேட்காது.

கூரைச் சட்டங்கள் அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை வருவதாக இருந்தது. அதற்குள் எல்லாத் தூணிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டு, அதிலிருந்து அளந்து தலையை அறுக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் ஓரின் மட்டக்குழாயை எடுத்து வந்தான். நூறடி நீள ரப்பர்க் குழாய், இரண்டு முனையிலும் கண்ணாடி போலத் தெரிகிற பிளாஸ்டிக் துண்டு, உள்ளே தண்ணீர். தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதற்காக வெர்லா எப்போதும் போல பீட்ரூட் ஊறுகாய்ச் சாற்றைக் கலந்திருந்தாள். மேடோ பள்ளமோ, எவ்வளவு தூரமோ, இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். முனைக்கு ஒரு ஆள் வேண்டும். தனியாளால் ஆகாத வேலை அது.

அன்று மூடுபனி இறங்கியிருந்தது. தொழுவம் காணாமல் போயிருந்தது, சாலை காணாமல் போயிருந்தது. இருந்த இடத்திலிருந்து மூன்று தூண் தெரியும். நாலாவது தூண் இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். ஓரின் கிழக்கு மூலையில் முதல் தூணோடு நின்றுகொண்டான். வெர்லா மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தூண் தூணாக நகர்ந்தாள். அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் வரும். "நின்னுச்சா?" என்பான். இளஞ்சிவப்புத் தண்ணீர் ஆடி ஆடி அடங்கும்வரை பார்த்திருந்து, "நின்னுச்சு," என்று பென்சிலால் கோடு போடுவாள். நின்னுச்சா, நின்னுச்சு. முப்பத்தொரு வருஷத்தில் இவ்வளவு நேரம் தொடர்ந்து அவர்கள் பேசிக்கொண்டது கிடையாது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இப்படியே மேற்குக் கோடிக்கு வந்தாள். பெரிய வாசலின் இரண்டு தூணும் அங்கேதான் நின்றன. கோடு போடக் குனிந்தவள் அந்தத் தூணில் ஏற்கெனவே ஏதோ எழுதியிருப்பதைப் பார்த்தாள். ஓரினின் கையெழுத்து, தச்சுப் பென்சில்.

நீளம் 34. உயரம் 12½, மேலே ஏசி சேர்த்து.

அவள் இரண்டு தடவை படித்தாள். டிராக்டருக்கு ஏசி கிடையாது. அந்த ஊரில் வீட்டுக்கே ஏசி கிடையாது. எங்கே ஏசி இல்லாமல் இருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும்; அரிசோனா வெயிலைப் பற்றி மேரனுக்கு ஒவ்வொரு தொலைபேசியிலும் அதே புலம்பல்தான்.

"நின்னுச்சா?" என்றது மூடுபனி.

"ஓரின், ஏசி எதுக்கு?"

அவள் கையிலிருந்த குழாயில் தண்ணீர் மேலே ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அந்தக் கோடியில் அவன் கை நடுங்குகிறது. அவன் முகத்தில் எந்தக் காலத்திலும் பார்த்திராததை அவள் அந்த அரை அங்குலத் தண்ணீரில் பார்த்தாள்.

"வண்டிக்கு," என்றான் கடைசியில்.

"என்ன வண்டி?"

"வீட்டு வண்டி. உள்ளேயே படுக்கை, அடுப்பு எல்லாம் இருக்குமே, அது. மேரனுக்கு போன் பண்ணினேன். அவ வீட்டுக்குப் பின்னாடி நிறுத்திக்கலாம்னு சொன்னா."

ஓரின் போன் பண்ணியிருக்கிறான். கால்நடை டாக்டரைத் தவிர யாருக்கும் அவன் தானாகப் போன் பண்ணியதில்லை.

"எப்ப?"

"ஜூன்ல. நீ சொன்னதுக்கு மறுநாள்." முகம் தெரியாததால்தானோ என்னவோ, அவனுக்கு இன்னும் வார்த்தை வந்தது. "நீ போனா நான் இங்க இருந்து என்ன பண்றது? ரெண்டு பேரும் போகலாம்னுதான். ஆனா வசந்தத்துல திரும்பி வரணும்ல, வெர்லா. வந்தா அதை எங்க நிறுத்தறது? மழையிலயும் பனியிலயும் விட்டா பாழாயிடும். அதான் முதல்ல கொட்டகை."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கட்டிக்கிட்டுத்தானே இருந்தேன்," என்றான், உண்மையிலேயே புரியாமல். "நீயும் பாத்துக்கிட்டுத்தானே இருந்த."

அவளுக்கு வந்த கோபம் இன்ன மாதிரி என்று சொல்ல முடியாது. கையிலிருந்த குழாயைக் கீழே போட்டாள். இளஞ்சிவப்புத் தண்ணீர் சரளைக் கல்லில் குபுகுபுவென்று கொட்டியது.

"நாலு மாசம்," என்றாள். "நாலு மாசம் நான் பாத்திரம் கழுவிக்கிட்டே அழுதிருக்கேன். நீ என்னைப் போகவிட்டுட்டேன்னு நெனச்சேன். கட்டினா எனக்கு எப்படிடா தெரியும்? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

மூடுபனிக்குள்ளிருந்து சரளையில் பூட்ஸ் சத்தம் வந்தது. தண்ணீர் போய்விட்ட தன் முனையைக் கையில் பிடித்துக்கொண்டே ஓரின் வந்து நின்றான். அறுபத்திரண்டு வயது ஆள், கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்ட பையனைப் போல.

"தப்புத்தான்," என்றான். "நீ இல்லாம எனக்கு முடியாது. அதைச் சொல்ல வரல."

இதைக் கேட்கத்தான் அவள் முப்பத்தொரு வருஷம் காத்திருந்தாள். கேட்ட பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொள்ளலாம். அழலாம். ஆனால் அவளும் அந்த ஊர்க்காரிதானே. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசல் தூணைப் பார்த்தாள். சாலைப் பக்கம் பார்த்தாள். காற்று வருகிற திசையைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் புருவம் சுருங்கியது.

"வாசலைக் கொண்டுபோய் மேற்குப் பார்த்து வெச்சிருக்க."

"சாலைக்குப் பக்கம்னு..."

"சாலைக்குப் பக்கம். குளிர்காலம் பூராவும் இந்தப் பக்கந்தானே பனி வந்து குவியும். மார்ச்சுல நாம திரும்பி வர்றப்ப அதை யாரு அள்றது? நீயா, டெல்பர்ட்டா?"

நாம என்ற சொல் அவனை வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு வாசல் தூணைப் பார்த்தான். கிழக்கே திரும்பி, மூடுபனியில் தெரியாத அந்தக் கோடியைப் பார்த்தான்.

"வாசலைக் கிழக்கே மாத்தணும்னா ரெண்டு கோடியிலயும் சேர்த்து நாலு தூணைத் தோண்டி எடுக்கணும்," என்றான்.

"எடு."

"டெல்பர்ட் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்."

அவன் மண்வெட்டி எடுக்கத் தொழுவத்துப் பக்கம் நடந்தான். நாலு எட்டு வைத்து, திரும்பி வந்தான். "கிழக்குதான் சரி," என்றான், யாரும் கேட்காமலே. பிறகு போனான்.

வெர்லா குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள். பம்புக்குப் போய் மறுபடி தண்ணீர் நிரப்ப வேண்டும். ஊறுகாய்ச் சாறு இன்னும் அரை ஜாடி பாக்கி இருந்தது.