வாங்காத வண்டி

அப்பாவின் சட்டைக்குக் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள் மூத்தவள். பொத்தான் துளையில் ஏற மறுத்தது. அந்த நேரம் பார்த்து அலமாரி மேலிருந்த அவருடைய போன் அலறியது. கூடத்தில் நாற்காலி நகர்த்திக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அந்த போனின் சத்தத்தை அவர் ஒருநாளும் குறைத்து வைத்ததில்லை. குளியலறைக்குக்கூடக் கொண்டு போவார். கடன் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டு, எடுக்காமல் விட்டால் தான் கொடுத்த புகாரை மூடிவிடுவார்கள் என்று பயம்.

புகார் ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றியது. அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஸ்பேனர் பையை மடியில் வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்கப் பஸ்ஸில் போனவர். சைக்கிளில் ஏற்றிவிட்டாலே சாக்கடையைத் தேடிப் போய் விழுவார். அப்படிப்பட்டவர் பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கித் தவணை கட்டாமல் ஏமாற்றிவிட்டார் என்று அவருடைய கிரெடிட் ரிப்போர்ட்டில் இருந்தது. தம்பி கடை வைக்கக் கடன் கேட்டு, அப்பா அதற்கு ஜாமீன் போடப் போன அன்றுதான் அது தெரிந்தது. கடன் கிடைக்கவில்லை. பார்த்து வைத்த இடமும் கைநழுவிப் போயிற்று.

"வண்டிய எங்கப்பா ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று மூத்தவள் கேலி செய்தாள். தம்பி சிரிக்கவில்லை.

"நெருப்பில்லாமப் புகையுமா? எவனுக்கோ கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு நம்மகிட்ட மறைக்கிறாரு."

அதோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்தியவன்தான். இன்றைக்கு வந்திருக்கிறான். வந்ததிலிருந்து வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தே நின்றான்.

அவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார் இருக்காங்களா மேடம்? அவரு குடுத்த புகார் விஷயமா அவர்கிட்டதான் பேசணும்."

"அவரு காலைல தவறிட்டாரும்மா."

எதிர்முனைப் பெண் தடுமாறினாள். பாவம், சின்ன வயசுக் குரல். "சாரி மேடம். அப்ப இறப்புச் சான்றிதழ் மட்டும் அனுப்பிடுங்க. புகாரை மூடிடறோம். கடனையும் யாரும் கேக்க மாட்டாங்க."

"விட்டுது தொல்லை. சரின்னு சொல்லும்மா" என்றார் சித்தப்பா.

"தப்புன்னு திருத்திட்டுத்தானே மூடுவீங்க?" என்று அவள் போனில் கேட்டாள்.

"இல்ல மேடம். அது அப்படியேதான் இருக்கும். ஆள் இல்லாதப்ப திருத்த வேண்டியதில்லை."

அவளுக்குக் கோபம் பொங்கிற்று. செத்துப்போனவன் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் கேட்க நாதியில்லையா?

"மூடாதீங்க. அவரு வாங்கல. வாங்கலன்னு எழுதிட்டு அப்புறம் மூடுங்க."

"அப்படின்னா வாரிசு யாராவது நடத்தணும் மேடம். கூப்பிட்டப்பல்லாம் வரணும், ரொம்ப அலைய வேண்டியிருக்கும். யார் நம்பரைப் போடட்டும்?"

அவள் வாயைத் திறக்குமுன் ஒரு கை நீண்டு போனை வாங்கியது.

"என் நம்பரப் போடுங்க" என்றான் தம்பி.

"நீங்க அவருக்கு என்ன வேணும் சார்?"

"பையன்."

"புகார்ல இருக்கறது உண்மைன்னு நீங்க உறுதி சொல்லணும். சொல்றீங்களா?"

தம்பி முதல் தடவையாக அப்பாவின் முகத்தைப் பார்த்தான். கழுத்துப் பொத்தான் இன்னும் போடாமலே இருந்தது.

"எங்கப்பா வாங்கலைங்க" என்றான். போனைப் பிடித்த கை கீழே இறங்கியிருந்தது.

"சார்? கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க."

அவன் போனைக் காதில் அழுத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினான். அங்கே அப்பாவை ஏற்றிப் போக வந்த வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எடுத்துடலாமாங்க?"

"செத்த இருங்க" என்றாள் மூத்தவள். "தம்பி பேசிட்டு வந்துடட்டும்."

ஓட்டுநர் திரும்பிப் போய் என்ஜினை அணைத்தார். வெளியே தம்பி தன் நம்பரை நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருப்பது கூடம் வரைக்கும் கேட்டது.