சாப்பிடும்போது அழுகிறவர்

ஹம்மாதி ரொட்டியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்ததுமே அவருடைய இடது கண் நிறைந்துவிட்டது. மபுரூக்கா பார்க்காதவள் போலப் பார்த்தாள். இரண்டு தடவை மென்றிருப்பார், ஒரு சொட்டு இமையைத் தாண்டி மீசைக்கு இறங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்கு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு வேளையும் இதே கதைதான். அழுதுகொண்டே நல்லாருக்கு என்கிற மனிதரிடம் எந்தப் பெண்தான் உப்பு போதுமா என்று கேட்பாள்?

அவள் இரண்டாம் தாரம். முதல் மனைவி ராதியாவின் கைமணம் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் அந்தத் தெருவுக்கே தெரியும். நோன்புப் பெருநாள் காலையில் உப்புமீனுக்குத் தொட்டுக்கொள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஷர்மூலா கிளறுவார்கள். வெங்காயமும் உலர்திராட்சையும் அரை நாள் அடுப்பில் கிடந்து கறுத்துக் குழைந்த தொக்கு. "எங்க ராதியா கிண்டினா ரோஜாப்பூ மணக்கும்" என்று நாத்தனார் சாலிஹா வந்தபோதெல்லாம் வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டுப் போவாள். மபுரூக்கா ரோஜாப்பூ போட்டாள். அவர் அழுதார். அடுத்த தடவை போடவில்லை. அதற்கும் அழுதார். ஒருநாள் ஆத்திரத்தில் வெறும் உருளைக்கிழங்கை அவித்து வைத்தாள். உருளைக்கிழங்குக்கும் அழுதார். செத்தவளோடு போட்டி போட்டு யார் ஜெயித்திருக்கிறார்கள்? மதியங்களில் வெள்ளைத் திரை கடல் காற்றில் உப்பி அடங்கும்போது, அரைத்தூக்கத்தில் ராதியா வந்து தட்டின் மூன்றாவது பக்கம் உட்காருவாள். மீனின் நல்ல துண்டாகப் பார்த்து அவர் பக்கம் நகர்த்திவைப்பாள். மபுரூக்காவுக்கு அவள்மேல் கோபம்கூட வராது, தன்மேல்தான் வரும்.

ஹம்மாதி தலைநகர் தூனிஸுக்கு வாடகை வண்டி ஓட்டுகிறவர். வழியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எதையாவது கடித்துக்கொள்வார். "அண்ணே, யாரை வேணாலும் நெனச்சு அழுங்க, எங்களைக் கொண்டுபோய்ச் சேத்துட்டு அழுங்க" என்று ஒரு பயணி கத்திய பிறகுதான் டாக்டரிடம் போகச் சம்மதித்தார். மபுரூக்காவும் கூடப் போனாள்.

டாக்டர் பஸ்மா இமையிலும் கண்ணைச் சுற்றியும் அறுவை செய்கிறவர். மூக்கோரத்தை அழுத்திப் பார்த்தார், மெல்லிய குழாயால் நீர் செலுத்திப் பார்த்தார். கண்ணீர் இறங்கும் வழியில் அடைப்பில்லை.

"எப்பவாவது முகம் கோணிச்சா?"

"கோணிச்சும்மா. என் மொத சம்சாரம் தவறின மாசம். வண்டி ஜன்னல் காத்து அடிச்சு எடது பக்கமே தொங்கிடுச்சு. அப்புறம் தானா நிமிந்துருச்சு."

டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து ஓர் எலுமிச்சை மிட்டாயை எடுத்து, "இத மெல்லுங்க" என்றார். ஹம்மாதி மென்றார். இடது கண் நிறைந்து வழிந்தது.

கடைச்சரக்கு மிட்டாய்! இதையுமா ராதியா கிண்டிவைத்துவிட்டுப் போனாள்?

"காத்து இல்லீங்க, முகவாதம்" என்றார் டாக்டர். "அடிபட்ட நரம்பு திரும்ப வளரும்போது வழி மாறிடுச்சு. எச்சில் சுரக்கச் சொல்லப் போற நரம்பு, கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய் நிக்குது. வாய் அசைஞ்சா கண்ணு அழுவும். சுரப்பியில ஒரு ஊசி போட்டா சில மாசம் அடங்கும். அப்புறம் தேவைன்னா மறுபடி போடலாம்."

மபுரூக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இத்தனை நாள் ஓர் எச்சில் நரம்போடா சக்களத்திச் சண்டை போட்டோம்! வெளியே கட்டுப்போட்ட கண்ணோடு காத்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். ஹம்மாதி சிரிக்கவில்லை. மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

நோன்பு மாதத்துக்கு முன்பே ஊசி போட்டார்கள். அவரைக் கீழே மூக்கு நுனியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, டாக்டர் மேலிமையின் வெளிஓரத்தைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே இளஞ்சிவப்பாக ஏதோ பிதுங்கியது. இவ்வளவூண்டு சதையா என்னை இந்தப் பாடு படுத்தியது என்று மபுரூக்கா அவர் கையைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

நோன்பு தொடங்கியது. மாலையில் நோன்பு திறக்கும் பீரங்கி முழங்கியதும் பேரீச்சம்பழம், பிறகு சூப்பு, பிறகு முட்டை வைத்துப் பொரித்த பிரிக். இடது கண் உலர்ந்தே கிடந்தது. மபுரூக்கா வகைவகையாகச் சமைத்தாள். ஆனால் ஹம்மாதி தலை நிமிராமல் தின்றார், நல்லாருக்கு என்பதும் நின்றுபோயிற்று. அதற்கு அந்த அழுகையே தேவலை போல அவளுக்கு இருந்தது.

"என்னங்க, கண்ணு வலிக்குதா?" என்று ஒரு சாயங்காலம் கேட்டாள்.

"இல்ல." கரண்டியை வைத்தார். "ராதியாவ அடக்கம் பண்ணினப்ப எனக்கு ஒரு சொட்டு வரல, மபுரூக்கா. கல்லு மாதிரி நின்னேன். சனம் பாத்துச்சு. அப்புறம் சாப்பிட உக்காந்தா அதுவா வந்துச்சு. சரி, லேட்டா வந்தாலும் வந்துச்சேன்னு இருந்தேன். இப்ப டாக்டரம்மா அது எச்சில் நரம்புங்குது. அப்போ நான் அவளுக்காக அழவே இல்லையா?"

ஜெயித்துவிட்டதாகத்தான் மபுரூக்கா நினைத்திருந்தாள். அவர்மேல் இரக்கமாக இருந்தது. அதைவிட, தான் சிரித்த சிரிப்பை நினைத்து வெட்கமாக இருந்தது.

பெருநாளுக்கு முன்தினம் அவளே சாலிஹாவைக் கூப்பிட்டு, "ராதியா எப்படிக் கிண்டுவா? ஒண்ணுவிடாம சொல்லுங்க" என்று கேட்டாள். சாலிஹா ஒரு கணம் திகைத்துவிட்டு, முக்காட்டைச் செருகிக்கொண்டு தானே வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். வீடு முழுக்கத் திராட்சையும் பட்டையும் மணந்தன. அந்த மணத்தில் நடப்பதே தண்ணீருக்குள் நடப்பது போலிருந்தது.

காலைத் தொழுகை முடிந்து ஹம்மாதி வந்து உட்கார்ந்தார். மபுரூக்கா மீனையும் ஷர்மூலாவையும் வைத்துவிட்டு அவருக்கு வலப்புறம் உட்கார்ந்தாள். அவர் ரொட்டியைத் தோய்த்து வாயில் வைத்தார். மெல்லவில்லை. அப்படியே நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"இத நீ..." என்று தொடங்கினார்.

இடது கண் காய்ந்தே இருந்தது. வலது கண்ணில், எந்த ஊசியும் தொடாத அந்தக் கண்ணில், நீர் மெதுவாகத் திரண்டு, இமை விளிம்பில் தயங்கி, அவள் பக்கத்துக் கன்னத்தில் இறங்கியது. ராதியாவுக்கா, தனக்கா என்று மபுரூக்கா கேட்கவில்லை. அவர் துடைக்கவும் இல்லை. தாடைக்கு வந்து நின்ற அந்தச் சொட்டில் ஜன்னல் வெளிச்சம் நடுங்கிக்கொண்டிருந்தது.